கன்னத்தில் குதிரைமசால்

நுஃமான், மென்று கன்னத்தில் அடக்கினால் போதை தரும் காத் இலைக் கிளையில் இளந்தளிராகப் பார்த்து ஒடித்து, எதிரே சாய்ந்திருந்த முக்பிலின் மடியில் எறிந்தார்.

"மெல்லுடா கெழவா! பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கே."

முக்பில் தளிரை வாயருகே கொண்டுபோனார். தாடியைத் தடவும் சாக்கில் அதைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார்.

அவரது இடது கன்னம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. உள்ளே இருந்தது காத் இல்லை. மனைவி பில்கீஸ் வேகவைத்துக் கொடுத்த குதிரைமசால். மலைச்சரிவில் இருக்கும் அவர்களது தயிஸ் நகரத்தில் அதை மாடுகள்தான் தின்னும். அறுபத்திரண்டு வயதில் அவற்றோடு பந்தியில் உட்கார்ந்ததில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

போன வாரம் பல் டாக்டர் அவர் காதுகளுக்குக் கீழே விரல் வைத்து, கடிக்கச் சொன்னார். வலப்பக்கத் தசை எலிக்குஞ்சு போலத் துள்ளியது. இடப்பக்கம் அசைவே இல்லை.

"ஈறு அழுகிப் பல்லு ஆடுது. அதுக்குப் பயந்து தாடைச் சதையே வேலைய நிறுத்திடுச்சு. இன்னும் மென்னீங்கன்னா, மிச்சப் பல்லும் போயிடும்."

காத்தை விட்டுவிடலாம். ஆனால், மனைவியைப் பறிகொடுத்த நுஃமானுக்கு ஒரு நாளில் மனிதக் குரல் கேட்பது இந்தப் பிற்பகலில் மட்டும்தான். மெல்லாதவன் எதற்காக நாலு மணி நேரம் ஒருவன் எதிரில் உட்கார்ந்திருப்பான்?

பேச்சு வற்றி, அவரவர் தமக்குள் மிதக்கும் வேளை வந்தது. சுலைமான் நபியின் நேரம் என்பார்கள். வண்ணக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில், சிவப்பும் பச்சையுமாக மெத்தைமேல் நகர்ந்தது. அறை மலையிலிருந்து கழன்று, மேகத்தோடு போய்க்கொண்டிருப்பது போலிருந்தது.

மாட்டுத் தீவனத்துக்கு இத்தனை போதையா என்று முக்பில் வியந்தார்.

அந்த மிதப்பில் நண்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புடைத்த கன்னம். பச்சை படிந்த உதடு. போன வாரத்திலிருந்து எல்லோருடைய தாடையையும் நோட்டம் விடுவது அவருக்கு வியாதியாகியிருந்தது. கண் தானாக நுஃமானின் காதுக்குக் கீழே போய் நின்றது.

நெடுநேரம் நின்றது.

அங்கே ஒன்றும் அசையவில்லை.

"இலை எப்படிடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தேன்டா," என்றார் நுஃமான், கண்ணைத் திறக்காமல். "நீ மட்டும் வரலைன்னா, எப்பவோ விட்டுத் தொலைச்சிருப்பேன்."

வெளியே மலை நீலமானது. மெல்லாத இருவரும், இருட்டும்வரை எழவில்லை.