தையலுக்கு விட்ட காசு

“இந்த முறையும் பில்லில ஐந்நூறு கூடப் போட்டிரிக்கான். கேட்டியா?”

கணவன் நிலோஜன், துணிக்கடை பில்லைத் தூக்கிக் காட்டினான். விதுர்ஷா தையல் மெசினிலிருந்து தலை நிமிரவில்லை.

“கேட்டன். ‘அது கிடக்கட்டும் தங்கச்சி’ எண்டார் கடைக்கார அக்ரம் நானா. அவ்வளவு சனத்துக்குள்ள பிறகென்னத்தக் கேக்குற?”

“மூணு பில்லுக்கு ஆயிரத்தி ஐந்நூறு! செக் திரும்பினதுக்குத் தண்டம் எடுக்கான். வாயில்லாத ஆளெண்டு கண்டுட்டான்.”

செக் திரும்பினது உண்மைதான். தைத்து வரும் காசை அவள் சேமிப்புக் கணக்கில்தான் போடுவாள். அங்கே வட்டி விழும். துணிக்குக் கொடுத்த செக்கின் திகதி வரும்போது, அதற்குரிய காசை மட்டும் சதம் பிசகாமல் நடைமுறைக் கணக்குக்கு மாற்றுவாள். வட்டி இல்லாத இடத்தில் காசு ஏன் தூங்க வேண்டும்?

ஒருமுறை பேங்க் ஏதோ கட்டணமென்று நூற்றைம்பது ரூபாயை வெட்டிவிட்டது. அந்த நூற்றைம்பதுக்காக நாற்பதினாயிரம் ரூபாய் செக் திரும்பிப் போனது.

அன்றைக்கு அக்ரம் கடை நிறைந்த சனத்துக்கு முன்னால் கத்தினார். “இன்னொரு தரம் திரும்பினா, கடனுக்குத் துணியெண்டு இஞ்ச வந்து நிக்கப்படாது!”

அதற்குப் பிறகுதான் இந்த ஐந்நூறு.

“இண்டைக்குச் செக் போகுதெல்லா? காசு மாத்திட்டியா?”

“நேத்தே மாத்திட்டன். புதுச் செக் புத்தகமும் எடுத்துட்டு வந்தன்.”

“அது சும்மாவா தந்தாங்க?”

“எழுநூத்தி ஐம்பதாம். கணக்கிலயே கழிப்பாங்களாம்.”

நிலோஜன் வேலைக்குப் போய்விட்டான். மெசினில் ஒரு சட்டைக் கை தைத்து முடிக்கும்போதுதான் அவளுக்குத் திக்கென்றது.

எந்தக் கணக்கில் கழிப்பார்கள்? நடைமுறைக் கணக்கிலென்றால், அங்கே செக்குக்கு மேல் ஒரு சதமும் இல்லையே!

பள்ளிக்கூடத் தவணை தொடங்குமுன் தைக்க வேண்டிய சட்டைகள் இன்னும் எவ்வளவோ கிடந்தன. துணி நின்றால் அடுப்பும் நிற்கும். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு களுதாவளைச் சந்தியில் மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடித்தாள். கல்லடிப் பாலம் தாண்டும் வரை பிள்ளை தண்ணீர் கேட்டது அவள் காதில் விழவேயில்லை.

“நோறா மிஸ்… என்ட செக் திரும்பிட்டா?”

பேங்க் கவுண்டரிலிருந்த நோறா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “காலமையே பாஸாகிட்டே! செக் புத்தகக் காசு கழிச்சும் எழுநூத்தி ஐம்பது மிச்சம் கிடக்கு.”

விதுர்ஷா மகளைக் கவுண்டரில் இருத்தினாள்.

“நான் மிச்சம் விடல்லையே மிஸ்?”

“நீங்க விடல்ல, துணிக்கடை அக்ரம் நானா விட்டார். செக்கில கணக்கு நம்பர் கிடக்குத்தானே, அதப் பாத்து மூணு தரம் ஐந்நூறு போட்டார். நேத்துப் பின்னேரமும் வந்தவர். ‘அந்தப் புள்ளைக்குத் துணி வெட்டக்குள்ள தையலுக்கு ஒரு அங்குலம் விடத் தெரியுது, கணக்கில விடத் தெரியல்ல. சொன்னா அதையும் எடுத்து வட்டிக்குப் போட்டிரும், சொல்லாதீங்க’ எண்டார்.” நோறா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, சொல்லிட்டன்!”

போன் அடித்தது. நிலோஜன்.

“நான் அக்ரமிட கடை வாசல்ல நிக்கிறன். இண்டைக்கு நாலு பேருக்கு முன்னால கேட்டு, ஆயிரத்தி ஐந்நூறையும் வாங்காம வரமாட்டன்!”

வாயில்லாத விதுர்ஷா, பேங்கே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

“வாயத் திறந்திராதீங்க! அக்ரம் நானா எடுத்ததெல்லாம் எங்கட கணக்கிலதான் போட்டிரிக்கார்!”