அளவுக்கம்பியின் பதில்

ஒரு கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று இருந்தது. மெக்கானிக் குணாளன் அதன் பழைய ஹைட்ராலிக் ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். பிறகு வண்டியை முடுக்கி, முன்னால் நீட்டியிருக்கும் இரும்புக் கைகளை உச்சிவரை தூக்கிப் பார்த்தார். அவற்றை இறக்காமலேயே, ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியை டேங்கிலிருந்து உருவினார்.

“குறைகிறது,” என்றது அளவுக்கம்பி.

குணாளன் மேலும் ஊற்றத் தொடங்கினார்.

டேங்க் அவசரமாக அளவுக்கம்பியைக் கூப்பிட்டது. போன மாதம்தான் டேங்கின் ஓட்டையை அடைத்திருந்தார்கள். இன்னொரு முறை ஒழுகினால் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

“அண்ணே, கைகளைத் தூக்கிப் பிடிக்க எட்டு லிட்டர் ஆயில் மேலே சிலிண்டருக்குள் போயிருக்கிறது. கைகள் இறங்கினால் அது முழுக்க என்னிடம்தான் திரும்பி வரும். அவரிடம் சொல்லுங்களேன்.”

“மேலே இருப்பதைப் பற்றி நான் எதற்குப் பேச வேண்டும்? என்னைத் தொட்டதை மட்டும்தான் சொல்வேன்.”

“நாளைக்கு நான் இருக்க மாட்டேன் அண்ணே.”

“அதற்காக என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாயா?”

குணாளன் மீண்டும் கம்பியை உருவினார்.

“இப்போது சரி,” என்றது அது.

அவர் கம்பியைச் செருகிவிட்டுக் கைகளை இறக்கினார். அவை இறங்க இறங்க டேங்க் நிரம்பியது. மூடியின் இடுக்கில் பொங்கிய ஆயில் பக்கவாட்டில் வழிந்து அடியில் சொட்டியது.

குனிந்து பார்த்த குணாளன், “மறுபடியும் ஓட்டையா? இந்த டேங்கைக் கழற்றிப் போட்டால்தான் சரிப்படும்,” என்று ஸ்பானரை எடுத்தார்.

“இப்போதாவது சொல்லுங்கள் அண்ணே,” என்று கெஞ்சியது டேங்க்.

தலைக்குமேல் ஆயிலில் நின்றுகொண்டு அளவுக்கம்பி சொன்னது: “கேட்டால் சொல்வேன். அவர் என்னை இன்னும் உருவவில்லையே.”