கூடுதல் இரண்டாயிரம்

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கணக்கு ஒத்து வரலைன்னா, கருவியை வேற குழுவுக்குக் கொடுத்துடுவேன்."

ஆய்வுக்கூடத் தலைவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாதம் சோறு தண்ணி பார்க்காமல் அவள் செய்த, கதிரை எண்ணும் கருவி. அதைத் தூக்கி இன்னொருவரிடம் கொடுப்பதா?

கணக்கு என்னவோ எளிமையானதுதான். கதிர்வீசும் சின்ன வில்லை ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் ஃபோட்டான் என்னும் கதிர்த்துகள்களை எல்லாத் திசையிலும் இறைக்கிறது. நாற்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் கருவியின் முகத்தில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் விழும். ஆக, ஆயிரம். கருவியோ மதியத்திலிருந்து மூவாயிரம் என்று சாதித்தது.

தூரத்தை மறுபடி அளந்தாள். பெருக்கலை மூன்றாம் முறையாகப் போட்டாள்.

கதவோரம் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். அதே நிறுவனத்தில் நூலகர். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று காலையில் லீவு போட்டவன், மதியம் வந்து அவளுக்குத் துணையாக உட்கார்ந்துவிட்டான். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவாள் என்று தெரிந்து, ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"நானா அதுவான்னு பாத்துடறேன்" என்று முணுமுணுத்தபடி, வில்லையை ஈயப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். இனி பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டாயிரம் காட்டியது.

அப்படியென்றால் அறையில் வேறெங்கிருந்தோ கதிர் வருகிறது. மேசை, அலமாரி, குப்பைத்தொட்டி என்று ஒன்று விடாமல் குடைந்தாள்.

"உன் முகமே வாடிப்போச்சு, டீ வாங்கிட்டு வரேன்" என்று அவன் எழுந்து போனான்.

திரையில் எண் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. பரபரவென்று வில்லையை எடுத்து வைத்தாள். ஆயிரம். அவள் போட்ட அதே ஆயிரம். மணி நாலே முக்கால்தான். துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

கதவு திறந்தது. இரண்டு கையிலும் டீயோடு அவன் வந்தான். எண் மூவாயிரத்துக்கு ஏறியது.

அவள் டீயை வாங்கி வைத்துவிட்டு, அவன் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"ஸ்கேனுக்குப் போடற ஊசி மருந்து நாள் முழுக்க உடம்புலேர்ந்து கதிர் வீசும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை நாளா மறைக்கிறீங்க?"

"உன் கணக்கு முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்," என்றான் அவன். "எலும்புக்கும் பரவியிருக்கான்னு பாக்கச் சொன்னாங்க."