போன வருஷம் மாதிரியேதான்

உள்ளறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. பெரியவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. "பூனை" என்றார்.

பூனைக்கு வயது முப்பத்திரண்டு. மூச்சுக் காட்டாமல் இருக்கச் சொல்லி மகனை உள்ளே அனுப்பிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அந்த ஓய்வுபெற்ற ஃபோர்மேன்.

எதிரே, தொழிலாளர் கணக்கெடுப்புப் பெண். வருடம் தவறாமல் இதே வீட்டுக்கு, இதே கேள்விகளோடு வருகிறாள். இது பதினோராவது வருடம்.

"பையன் சூப்பர்வைசர்னு போன வருஷம் சொன்னீங்க. அதேதானேய்யா?"

"அதேதாம்மா."

"மேலதிகாரி மரியாதையா நடத்துறாரா?"

"இவனப் பாத்தா அவரு எந்திரிச்சு நிப்பாரு."

மகன் வேலை பார்த்த வாளித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்; அவன் வீட்டோடு கிடப்பது இது மூன்றாவது வருடம். 'வேலை இல்லை' என்று உண்மையைச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடுதலாக நாற்பது கேள்விகள் விழுந்தன. அதற்குப் பிறகு அவர் கதவையே திறப்பதில்லை. 'அதே' என்று சொல்லிவிட்டால் கேட்பவளுக்கும் நிம்மதி, சொல்பவருக்கும் நிம்மதி.

காலையில்தான் மகன் கெஞ்சினான். வேலை இழந்தவர்களுக்காகத் தெருமுனையில் ஒரு பயிற்சி நிலையம் வருவதாகப் பேச்சு. அதற்கு மனுப் போட்டிருந்தான். இந்த முறையாவது உள்ளதைச் சொல்லச் சொன்னான்.

"நம்ம வீட்ல வேலையில்லாதவன்னு எவன் பேரும் காகிதத்துல ஏறாது" என்று பெரியவர் பேச்சை முடித்துவிட்டார்.

கிளம்பும்போது அந்தப் பெண் வழக்கம்போல் நன்றிக்கு ஒரு பேனாவைக் கொடுத்தாள். "இருபது வீட்டோட ஆரம்பிச்சோம். இப்ப பதில் சொல்றது நீங்க ஒருத்தர்தான். தெருவுக்கே நீங்கதான்யா கணக்கு."

பெரியவர் பதினோராவது பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

இரண்டு மாதத்தில் மகனுக்குக் கடிதம் வந்தது. பயிற்சி நிலையம் இங்கே வராது. தேவை இல்லையாம்.

பெரியவர் கொதித்துப்போனார். "தேவை இல்லையா? தெரு பூரா பயலுங்க வேலையில்லாம வாசல்ல உக்காந்திருக்கானுங்க. எந்த மடையன் சொன்னான் இத?"

'கணக்கெடுப்பு முடிவு' என்றிருந்த கடைசி வரியில் விரலை வைத்து, மகன் நிதானமாகச் சொன்னான்:

"நம்ம தெருவுல எல்லாருமே சூப்பர்வைசராம்ப்பா."