எட்டாத பெடல்

ஒரகடம் சாலையோரப் பட்டறையில் அந்தப் பழைய பிக்கப் வண்டி முகத்தைத் தூக்கிக்கொண்டு ஜாக்கியின் மேல் நிற்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் புதிது, கிரீஸ் பூசி மின்னுகிறது. பழையது சாக்கின் மேல் கிடக்கிறது. பேரிங் சூடேறி இறுகியதில் கழுத்தில் நீலம் பாய்ந்து முறிந்தது. அது முறிந்து வண்டி கவிழ்ந்த அன்றுதான் டிரைவர் சுடலை இறந்துபோனான். அவன் மனைவி செல்லக்கனி அந்தச் சாக்கின் பக்கம் திரும்புவதே இல்லை. வண்டியை வாங்குகிறவர் சாயங்காலம் வருகிறார். "பிரேக்ல காத்து கீதும்மா, அத்த வெளிய எடுக்கணும், ஏறிக் குந்திகினு பெடலை மிதி" என்று அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் வரதராஜுலு குரல் கொடுக்கிறார். ஏறி உட்காருகிறாள். சுடலை நெடியவன், சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருக்கிறது. இவளுக்குக் கால் எட்டவில்லை. "சீட்டாண்ட லிவரு கீது பாரு, இஸ்து முன்னால வா." அவள் கை லிவரைத் தொட்டு, அப்படியே நிற்கிறது. "வேண்டாம்ணே. இது அவிய வச்ச எடம்." கம்பெனி பஸ் ஒன்று கடக்க, தகரக் கூரை அதிர்ந்து அடங்குகிறது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, சீட்டின் நுனிக்குச் சறுக்கி, கால்விரல் நுனியால் மிதிக்கிறாள். கீழே ரப்பர் குழாயில் குமிழிகள் வருகின்றன, குறைகின்றன, நின்றுவிடுகின்றன. வரதராஜுலு நட்டை இறுக்கி வேலையை முடித்துவிட்டார். மேலே பெடல் இன்னும் இறங்கி ஏறுகிறது. இறுக்கிய நட்டையே மறுபடி துடைத்துக்கொண்டு அவர் கீழேயே படுத்திருக்கிறார்.