சிலைக்குச் சொந்தக்காரர்

“மூக்கைப் பாருங்கம்மா, நெத்தியைப் பாருங்க! அச்சு அசல் எங்க வம்சம். நாளைக்கு முதல் மாலை எங்க சங்கத்துதுதான்!”

தஞ்சாவூர்ப் பூங்காவில், தேசியக் கவிஞரின் சிமென்ட் சிலையைச் சுட்டியவாறு முழங்கினார் சாதிச் சங்கத் தலைவர் இனியவன்.

“உங்க வம்சமா? அந்த மூக்கு எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சுய்யா!” என்று எகிறினார் எதிர்ச்சங்கத் தலைவர் நாவரசு. “போன வருசம் மண்டை உடைஞ்சது மறந்துபோச்சா?”

“உடைஞ்சது உங்க மண்டை!”

வட்டாட்சியர் எழில்மொழிக்குத் தலை வலித்தது. கவிஞரின் பிறந்தநாள் விடிவதற்குள் இவ்விரு சங்கங்களும் உடன்படாவிடில், சிலையைப் பெயர்த்துக் கிடங்கில் வைத்துவிட மேலிடம் அவருக்கு அனுமதி அளித்திருந்தது. வாயிலில் கிரேனும் காத்திருந்தது.

“ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே மாலையாப் போடுங்களேன்.”

“செத்தாலும் நடக்காதும்மா!” இதில் மட்டும் இருவரும் ஒரே குரலில் ஒத்துப்போயினர்.

“அப்போ தூக்கிட வேண்டியதுதான். கிரேனை உள்ள வரச் சொல்லுங்க.”

அதைக் கேட்டதும், கூட்டத்திற்கு அப்பால் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி நின்றிருந்த முதிய பெண்மணி ஒருவர் விரைந்து வந்து சிலையை மறித்து நின்றார். பெயர் ஹலீமா என்றும், நாள்தோறும் மாலையில் எதிர் பெஞ்சில் வந்து அமர்பவர் என்றும் காவலாளி காதோடு சொன்னார்.

“வேணாம்மா. கிடங்குல கொண்டுபோய்ப் போட்டா யாரு பாப்பா? மாலையும் வேணாம், மரியாதையும் வேணாம். இவங்களை இங்கயே இப்படியே விட்டுடுங்க.”

“நீங்க எந்தச் சங்கம்?” என்று சீறினார் இனியவன்.

“எனக்கு ஏது தம்பி சங்கம்?”

எழில்மொழியின் நெஞ்சு நெகிழ்ந்தது. இத்தனை பேருள் கவிதைக்காக வந்தவர் இவர் ஒருவரே அன்றோ! கிரேனைத் திருப்பி அனுப்பினார். நாளை எவருக்கும் மாலையிட அனுமதி இல்லை என்று அறிவித்தார். சங்கத்தார் முணுமுணுத்தபடி கலைந்தனர்.

“கவிஞர் மேல எவ்வளவு பிரியம்மா உங்களுக்கு! அவர் பாட்டுல எது ரொம்பப் பிடிக்கும்?”

ஹலீமா துப்பட்டி நுனியால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“பாட்டெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கவிஞரோட படம் எங்கயுமே கிடைக்கலன்னு, சிமென்ட் குழைக்கப் போன எங்க வீட்டுக்காரங்களை உக்கார வெச்சுத்தான் சிற்பி இந்த முகத்தைச் செஞ்சாரு. அவங்க மவுத்தாகி ஏழு வருசமாச்சு. எங்கிட்ட வேற போட்டோ இல்ல.”