எச்சில் சோதனை

“அந்த நாய் கண்டிப்பா கலப்புதான் மேடம். மடியில கனம் இருக்கு, அதான் கிழவருக்கு வழியில பயம்” என்றார் டிரைவர் இம்மானுவேல்.

பானுப்பிரியாவுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ராஜபாளையம் நாயின் மரபணுவைப் படிக்கும் ஆராய்ச்சி அவளுடையது. கலப்பில்லாத நாய்களின் எச்சில் வேண்டும். இன்னும் ஒரே ஒரு நாய்தான் பாக்கி. அது கிடைக்காமல் வேலை நகராது.

“நம்மகிட்ட அசல் இருக்கு, வந்து எடுத்துக்கோங்க” என்று போன் போட்டு அழைத்ததே இந்தச் சங்கரலிங்கம்தான். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

எடுக்க விட்டால்தானே!

நாய் எதையாவது தின்றுவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்துதான் எச்சில் எடுக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். அவள் கையுறை மாட்டும் நேரம் பார்த்து நாய்க்கு ஒரு பிஸ்கட் போடுவார். காத்திருந்து எழுந்தால் இன்னொன்று. போன வாரமும் இதே கூத்துதான். வெறுங்கையோடு திரும்பினாள்.

இன்றும் வந்ததும் வராததுமாகப் பிஸ்கட்.

“ஐயா!” அவள் குரல் உயர்ந்துவிட்டது.

“மறந்து போச்சு தாயி. செத்த நேரம்தான, உக்காரு. காப்பி போடுதேன். உங்க ஊருல மழை உண்டுமா?”

“காப்பி வேண்டாம். கலப்புன்னு தெரிஞ்சிரும்னு பயமா? உள்ளதைச் சொல்லுங்க.”

அவர் நாயின் தலையைத் தடவினார்.

“கலப்புதான் தாயி. தளவாய்புரம் ரோட்டோரம் கிடந்த குட்டி. அப்பன் ஆத்தா யாருன்னு எனக்கே தெரியாது.”

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“அப்புறம் எதுக்கு அசல்னு சொல்லிக் கூப்பிட்டீங்க? என் வேலையே கெட்டுப் போச்சு!”

“தப்புதான் தாயி. வீட்டுக்காரி போன பொறவு இந்த வாசப்படிய ஒருத்தரும் மிதிக்கல. நாய்கிட்ட எம்புட்டுத்தான் பேச? கலப்புன்னு சொன்னா நீங்க வருவியளா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இனி உன்னைய அலைய விடமாட்டேன். போயிட்டு வா.”

பானுப்பிரியா கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

இம்மானுவேல் வாசலில் தலையை நீட்டினார். “மேடம், முடிஞ்சுதா? கிளம்புவமா?”

“இல்லண்ணே. நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றாள் அவள், நாற்காலியைச் சங்கரலிங்கத்தின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு. “எனக்கு இங்க வேலை முடிய நேரமாகும்.”